ஆல்கலாய்டு என்றால் என்ன? மூலிகைச் செடிகளில் அது ஏன் இருக்கிறது?

ஆல்கலாய்டு என்பது செடிகள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொள்ளும், நைட்ரஜன் கலந்த ஒரு வகை வேதிப்பொருள். பெரும்பாலும் கசக்கும். சின்கோனா மரப்பட்டையில் இருக்கும் குயினைன், அபினிச் செடியின் பாலில் இருக்கும் மார்பின், காபிக் கொட்டையில் இருக்கும் காஃபின் எல்லாம் இந்த இனம்தான்.

நம்மைக் குணப்படுத்துவதற்காகச் செடி இதைச் செய்வதில்லை. புழு கடித்தாலும் ஆடு மேய்ந்தாலும் செடியால் ஓட முடியாது. கசப்பும் நஞ்சும்தான் அதற்குக் காவல்.

சரி, அது நம் உடலில் எப்படி வேலை செய்கிறது? பூச்சியின் நரம்புகளும் நம் நரம்புகளும் செய்தி கடத்தும் முறையில் நிறைய ஒற்றுமை உண்டு. வேறொரு வீட்டுக்குச் செய்த சாவி நம் வீட்டுப் பூட்டிலும் திரும்புவது போல, பூச்சிக்காக உருவான பொருள் நம் நரம்பிலும் பொருந்திவிடுகிறது. குயினைன் கதை வேறு: அது மலேரியாக் கிருமியையே தாக்குகிறது.

ஒரே வகை மரமானாலும் பட்டைக்குப் பட்டை குயினைன் அளவு மாறும். மரத்தின் வயது, மண், பறித்த பகுதி எல்லாமே காரணம். 1820-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெத்தியேவும் காவெந்துவும் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகுதான் நோயாளிக்கு அளந்து கொடுக்க முடிந்தது. என்னைப் பொறுத்தவரை, மருத்துவத்தில் இது மிகப் பெரிய திருப்பம்.

'இயற்கையானது, அதனால் கெடுதல் செய்யாது' என்று பலர் நம்புகிறார்கள். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் என்ற ஆல்கலாய்டும் இயற்கையானதுதான், அளவு மீறினால் அது உயிரையே எடுத்துவிடும்.