போனை வாங்கிக்கொண்டு ரசீது தரவில்லை என்றால்

விசாரணைக்குப் போன தம்பியின் போனைப் போலீஸார் வாங்கி வைத்துக்கொண்டார்கள், ரசீது இல்லை என்கிறீர்கள். முதலில் கைப்பற்றுதல் மகஜரின் (எதை எடுத்தார்கள் என்று போலீஸார் எழுதும் பத்திரம்) நகலைக் கேளுங்கள். 'கறுப்பு நிற செல்போன் 1' என்று மட்டும் எழுதியிருந்தால் விடாதீர்கள். ஒவ்வொரு போனுக்கும் உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் வேண்டும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண். போன் வந்த அட்டைப்பெட்டியில் இருக்கும். பிஎன்எஸ்எஸ் (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 105-ஆம் பிரிவுப்படி கைப்பற்றுவதை வீடியோ எடுத்தாக வேண்டும்.

ஹாஷ் மதிப்பையும் எழுத்தில் கேளுங்கள். போனில் உள்ள தரவை வைத்துக் கணக்கிடும், கைரேகை போன்ற எண் அது. நகலெடுத்த தரவில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். அதைக் குறிக்காமல், முத்திரையும் இல்லாமல் போன் நாள்கணக்கில் கிடந்தால், பிறகு எதையாவது உள்ளே சேர்த்தாலும் நிரூபிப்பது பெரும்பாடு.

தயவுசெய்து தொலைவிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். தடயத்தை அழித்ததாகத் தனி வழக்கு வரும். போனைத் திரும்பப் பெற அதே பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 503-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். வாங்கிய பில்லை இணையுங்கள்.