அந்த 340 ரூபாய்

கேள்வி: எனக்கு வயது 61. பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறேன். கணவர் தவறி நான்கு வருடமாகிறது. குடும்ப ஓய்வூதியம் மாதாமாதம் வங்கிக்கு வந்துவிடுகிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகன், "பென்ஷன் பணம் அப்படியே கிடக்கட்டும், செலவெல்லாம் என் கணக்குல பண்ணிக்கோம்மா" என்று என் போனில் யுபிஐ சர்க்கிள் போட்டுக் கொடுத்திருக்கிறான். நான் கடையில் ஸ்கேன் செய்தால் அவன் போனுக்குத் தகவல் போகும். அவன் பின் நம்பர் போட்டால்தான் பணம் போகும். போன மாதம் நாட்டு மருந்துக் கடையில் 340 ரூபாய்க்குக் கால் மணி நேரம் நின்றேன். அவன் மீட்டிங்கில் இருந்தானாம். பின்னால் நின்றவர்கள் என்னையே பார்க்க, கூசிப்போய்விட்டது. ராத்திரி கூப்பிட்டு, "அங்க என்னம்மா 340 ரூபாய்க்கு வாங்கின?" என்றான். பாசத்தில்தான் கேட்கிறான். ஆனாலும் சுருக்கென்றது. கொஞ்சம் ரொக்கம் கொடு என்றால், "எந்தக் காலத்துலம்மா இருக்க? இன்னும் கொஞ்ச நாள்ல நோட்டே இருக்காது. ஒளிக்கிறதுக்கு உனக்கு என்ன இருக்கு?" என்கிறான். கையில் நாலு காசு வைத்துக்கொள்ள நினைப்பது தப்பா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தப்பே இல்லை, சகோதரி. நம் வீடுகளில் அதற்கென்று ஒரு பேரே இருக்கிறதே, சிறுவாடு என்று. காய்கறிக்குக் கொடுத்ததில் மிச்சம், பால் ஊற்றிய காசு, பொங்கல்படியாக அண்ணன் கையில் திணித்துவிட்டுப் போனது எல்லாம் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் புடவை மடிப்பிலும் சேரும். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்ததும் என் அம்மா தூங்கவில்லை. விடிந்ததும் பதினாலு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தார். அப்பா திட்டவில்லை. "அடேங்கப்பா, இவ்வளவு வச்சிருந்தியா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. ஏழாயிரமும் முழுசாக வங்கியில் மாறி வந்தது. ஆனால் அதற்குள் அது அப்பாவுக்குத் தெரிந்த பணமாகிவிட்டது. அப்புறம் அம்மா சிறுவாடு சேர்த்து நான் பார்க்கவில்லை.

உங்கள் மகன் கேட்ட "ஒளிக்க என்ன இருக்கு" என்பதை அவனோடு நிறுத்திவிட முடியாது. பெரிய பெரிய ஆட்களும் இதையேதான் கேட்கிறார்கள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். உள்ளே என்ன ரகசியம் நடக்கிறது? ஒன்றுமில்லை. ஆனாலும் சாத்திக்கொள்கிறோம். ஒளிப்பது வேறு, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்பது வேறு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2012இல் ஆதாரை எதிர்த்து நீதிமன்றப் படி ஏறியபோது அவருக்கு வயது 86. வயசான காலத்தில் என்ன அந்தரங்கம் என்று யாராவது சொன்னால் இவரைச் சொல்லுங்கள். நாட்டு மருந்துக் கடையில் என்ன வாங்கினீர்கள் என்று கடிதத்தில் நீங்களும் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை.

சரி, மகன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. போலீஸ் என்றும் சிபிஐ என்றும் வீடியோ காலில் வந்து, 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டி, ஓய்வூதியக்காரர்களின் மொத்தச் சேமிப்பையும் சுருட்டுகிற கூட்டம் ஒன்று அலைகிறதே, அந்தச் செய்திகளைப் படித்துப் பயந்துதான் உங்கள் பென்ஷன் கணக்கைப் பூட்டி வைத்திருக்கிறான். (சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. அப்படி யாராவது அழைத்தால் போனை வைத்துவிட்டு 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.) ரொக்கம்தான் சுதந்திரம் என்று நானும் கொடி பிடிக்க மாட்டேன். பானையில் வைத்த பணம் சாயங்காலம் டாஸ்மாக் போய்ச் சேர்கிற வீடுகளிலிருந்து எனக்கு மாதம் பத்துக் கடிதமாவது வருகிறது. அந்தப் பெண்களுக்கு, மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் சொந்தக் கணக்கில் வந்து விழுவதுதான் நிம்மதி. யார் கண்ணிலிருந்து மறைத்து வைக்கிறோம் என்பது வீட்டுக்கு வீடு மாறுகிறது. உங்கள் வீட்டில் அது பாசமுள்ள ஒரு மகனின் கண். அதனால்தான் சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

வீட்டுக்கு வெளியேயும் கண்கள் உண்டு. ஸ்கேன் செய்கிற ஒவ்வொரு தடவையும் எந்தக் கடை, எத்தனை மணி, எவ்வளவு என்று வங்கியிலும் செயலியிலும் பதிவாகிறது. போதாக்குறைக்குக் கடை ஸ்பீக்கர் வேறு தொகையைத் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறது! 2025 ஜூலையில் பெங்களூரில் சின்னச் சின்னப் பேக்கரிகளும் பெட்டிக் கடைகளும் 'யுபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்' என்று அட்டை தொங்கவிட்டன. யுபிஐயில் வந்த தொகையைக் கூட்டிப் பார்த்து வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியிருந்தது. ஹாவேரியில் ஒரு காய்கறிக்காரருக்கு 29 லட்சம் ரூபாய் கேட்டு நோட்டீஸ். சாதாரணக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. வரி ஏய்ப்பவர்களைப் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதிவில் தொகைதான் இருக்கிறது, விற்றது கத்தரிக்காயா கம்ப்யூட்டரா என்பது அதில் இல்லை. கடைசியில் அந்த மனிதர்தான் விளக்கம் சொல்ல அலைய வேண்டியிருக்கிறது. உங்கள் மகன் போனிலும் 340 என்ற எண்தானே தெரிந்தது?

இனி செய்ய வேண்டியது. முதலில் அந்த சர்க்கிள். அதில் இரண்டு வகை உண்டு. ஒவ்வொரு தடவையும் அவன் பின் போடுவது ஒன்று, ஒரு வரம்பு வைத்துவிட்டு உங்கள் போக்கில் விட்டுவிடுவது இன்னொன்று. இரண்டாவதில் மாதம் 15,000 ரூபாய் வரை, ஒரு தடவைக்கு 5,000 வரை நீங்களே செலவு செய்யலாம். மாற்றிக் கொடு என்று கேளுங்கள், கடையில் காத்து நிற்பது மிச்சம். ஆனால் அவன் போனில் எல்லாம் தெரியத்தான் செய்யும்.

அதனால் உங்கள் பேரில், உங்கள் போனில் இருக்கிற சிம் எண்ணைக் கொடுத்து, இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். பென்ஷன் கணக்கில் யுபிஐயே வேண்டாம், மகனின் பயத்துக்கு அது மருந்து. மாதம் ஒரு சின்னத் தொகையைப் புதுக் கணக்குக்கு மாற்றி, அதில் மட்டும் யுபிஐ வைத்துக்கொள்ளுங்கள். ஏமாந்தாலும் போவது அவ்வளவுதான். அதிலேயே யுபிஐ லைட் என்று ஒன்று இருக்கிறது. 5,000 ரூபாய் வரை அதில் போட்டு வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் நம்பர் இல்லாமலே போகும். லைட்டுக்குப் பணம் மாற்றியது மட்டும்தான் பாஸ்புக்கில் வரும், பூக்காரியும் கீரைக்காரியும் வர மாட்டார்கள். பட்டியல் உங்கள் போனுக்குள் இருக்கும். சிறுவாட்டுக்குப் பக்கத்தில் வருகிற ஏற்பாடு என்று எனக்குத் தெரிந்து இதுதான், ஆனாலும் சிறுவாடு ஆகாது. அப்படியே பென்ஷன் கணக்கில் யாருடைய மொபைல் எண் பதிவாகியிருக்கிறது என்றும் வங்கியில் கேளுங்கள். மகன் எண்ணாக இருந்தால் உங்கள் எண்ணுக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். அவன் பெயர் நாமினியாக இருந்தால் போதும்.

நோட்டே இருக்காது என்கிறானே, அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. 2016 நவம்பரில் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு ஏறக்குறைய 18 லட்சம் கோடி ரூபாய். 2025 மார்ச்சில் அது 36 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. யுபிஐயும் வளர்ந்தது, நோட்டும் வளர்ந்தது. ரொக்கத்தைக் கிட்டத்தட்ட மறந்தே போன ஸ்வீடன், போர், பேரிடர் காலத்துக்காக 2024 நவம்பரில் வீட்டுக்கு வீடு ஒரு கையேடு அனுப்பியது. ஒரு வாரச் செலவுக்காவது ரொக்கம் வைத்திருங்கள், சில்லறையும் பெரிய நோட்டுமாகக் கலந்து வையுங்கள் என்று அதில் இருக்கிறது. உங்கள் ஊருக்கு ஸ்வீடன் எதற்கு? 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தவர். கரண்டும் சிக்னலும் போன இடங்களில் யார் எதை ஸ்கேன் செய்தார்கள்? அந்த நேரம் மகன் உங்களைப் போனில் பிடிக்க எவ்வளவு தவித்தான் என்று கேளுங்கள். ரொக்கத்துக்கு அவனிடம் வேறு வாதம் தேவைப்படாது.

பேசும்போது அவன் வேவு பார்ப்பதாகச் சொல்லிவிடாதீர்கள், மனசு உடைந்துபோவான். "மாசா மாசம் நான் கொஞ்சம் எடுத்து வச்சுக்குவேன், அதுக்கு மட்டும் கணக்குக் கேக்காத" என்று சொன்னால் போதும். எவ்வளவு என்று கேட்டால் ஒரு தொகையைச் சொல்லுங்கள், எதற்கு என்பதற்கு மட்டும் வேண்டாம்.

மாத முதல் வாரம் வங்கியில் பென்ஷன் கூட்டம் இருக்கும். பத்தாம் தேதிக்கு மேல் போங்கள், ஆதாரும் பான் கார்டும் போட்டோவும் மறக்க வேண்டாம். பணம் எடுத்தால் எல்லாவற்றையும் ஐந்நூறாக வாங்கிக்கொள்ளாமல், கவுன்ட்டரில் கேட்டு நூறும் ஐம்பதுமாக வாங்கிக்கொள்ளுங்கள்.