கீழ்த்தளத்து மீட்டர் போர்டை ‘வாட்டர்ப்ரூஃப்’ ஆக்க முடியுமா?

கேள்வி: திருநெல்வேலி சிந்துபூந்துறையில் 12 வீடுகள் கொண்ட மூன்று மாடி அப்பார்ட்மெண்ட் எங்களுடையது. கீழ்த்தளம் முழுக்க பார்க்கிங். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே நாலரை அடி தண்ணீர் நின்றது. மீட்டர் போர்டு, லிஃப்ட், மோட்டார் ஸ்டார்ட்டர், 15 கேவிஏ ஜெனரேட்டர் எல்லாம் வீணாயின. சம்பில் சாக்கடைத் தண்ணீர் கலந்தது. அப்போதைக்குச் சரிசெய்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இப்போது ஒருவர், 2.8 லட்சம் கொடுத்தால் போர்டை ஐபி65 பெட்டிக்குள் வைத்து, உள்ளே கோட்டிங் அடித்து, “இனி முங்கினாலும் ஒன்றும் ஆகாது” என்று உத்தரவாதம் தருகிறார். இபி ஆபீஸ் வேலையையும் அவரே முடித்துத் தருவாராம். இரண்டாம் மாடியில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரும் இருக்கிறார். மழைக்கு முன் எதை முதலில் செய்வது? — சங்கச் செயலாளர்

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். முன்பணம்கூட வேண்டாம்.

ஐபி65 என்பதில் 6 தூசுக்கான எண், 5 தண்ணீருக்கான எண். அந்த 5, குழாயிலிருந்து பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது; முங்குவதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். உங்கள் பார்க்கிங்கில் நின்றது ஏறக்குறைய 1.37 மீட்டர், அது அரை மணியில் வடிந்த தண்ணீரும் இல்லை. அதற்கும் மேலான ஐபி68 பெட்டியே வாங்கினாலும், 12 வீட்டுக்கு உள்ளே வரும் வயருக்கும் வெளியே போகும் வயருக்கும் அதில் ஓட்டை போட்டாக வேண்டும். தொழிற்சாலையில் சோதித்த தரம், உங்கள் வாசலில் டிரில் மெஷின் பட்டதோடு முடிந்தது. போதாததற்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கக் கதவைத் திறப்பார்கள். ரப்பர் கேஸ்கெட் எத்தனை நாள் தாங்கும்? கோட்டிங் கதை இன்னும் மோசம். கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் எம்சிபி சுவிட்சுக்குள் தொட்டு விலகும் காண்டாக்ட்டில் கோட்டிங் அடிக்க முடியாது, அடித்தால் கரண்ட் போகாது. ஐபி எண்ணைச் சொல்லி விற்கிறவர்கள் 2023-க்குப் பிறகு ஜங்ஷன் பக்கம் நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் நழுவிவிடுவார்கள்.

தண்ணீரைப் பெட்டிக்கு வெளியே நிறுத்தப் பார்க்காமல், பெட்டியைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோங்கள். செலவும் அதில்தான் குறைவு.

சுவரில் 2023 தண்ணீர்க் கறை இன்னும் தெரிந்தால் அந்த இடத்தில் ஆயில் பெயிண்டால் கோடு போடுங்கள். பெயிண்ட் அடித்துக் கறையை மறைத்திருந்தால், அன்று எடுத்த போட்டோவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பார்த்து, கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூபால் எல்லாத் தூணுக்கும் அந்த மட்டத்தைக் கொண்டுபோங்கள். கண்மட்டத்துக்குப் போடாதீர்கள், பார்க்கிங் தரை வாட்டமாக இருக்கும், ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் நாலு அங்குலம்கூட மாறும். அந்தக் கோட்டுக்கு மேல் இரண்டு அடி. உங்களுக்கு அது ஆறரை அடி. கரண்ட் போகும் எதன் அடிப்பாகமும் அதற்குக் கீழே இருக்கக் கூடாது. (தெருவுக்குத் தெரு மின்கம்பத்தில் இந்தக் கோட்டைப் போட்டுவைக்க ஒரு டப்பா பெயிண்ட் போதும். 1992 நவம்பரில் ஆறு எதுவரை வந்தது என்று இன்றைக்கும் வயதானவர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கும் ஒரு கமிட்டி போட்டு, கருத்துரு அனுப்பி, நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருப்பார்கள் போலிருக்கிறது.)

ஆறரை அடியில் போர்டை வைத்தால் ரீடிங் எடுக்க வருகிறவர் எட்டமாட்டார், அதனால் இபியில் ஒப்பவும் மாட்டார்கள். ஆகவே ஆளையும் சேர்த்து ஏற்றுங்கள். பக்கவாட்டுச் சுவரை ஒட்டி நாலரை அடி உயரத்தில் ஒரு கான்கிரீட் மேடை, மூன்று அடி அகலம், கைப்பிடியோடு படி. மேடையிலிருந்து இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் போர்டின் அடிப்பாகம். மேலே சாரல் அடிக்காமல் ஒரு சன்ஷேடு. மாடிப்படித் திருப்பத்தில் வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். போர்டில் தீப்பிடித்தால் 12 வீட்டுக்கும் இறங்கும் ஒரே வழி அதுதான்.

மீட்டரும் அதற்கு முன்னால் உள்ள வயரும் மின்வாரியத்துடையவை. மீட்டர் சீலை நீங்களோ உங்கள் எலக்ட்ரீஷியனோ தொட்டால் அது வேறு வழக்காகிவிடும். இடமாற்றத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு சர்வீஸ் எண்ணுக்கும் தனித்தனியாக, பொது சர்வீஸையும் சேர்த்து 13. ஒரே சுவரில், ஒரே நாளில், ஒரே ஆள் வந்து மாற்றப்போகிற வேலைக்கு 13 விண்ணப்பம் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். இந்த அலுப்பில்தான் ‘நான் பார்த்துக்கிறேன் அண்ணாச்சி’ ஆட்களின் பிழைப்பு ஓடுகிறது. கட்ட வேண்டிய தொகைக்கு மதிப்பீடு வரும், ரசீது வரும். ரசீது இல்லாத ரூபாய் எதுவும் வாரியத்துக்குப் போகிற ரூபாய் இல்லை. சர்வீஸ் இன்னும் பில்டர் பெயரிலேயே இருக்கிற வீடுகள் இருந்தால் முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள், இல்லாவிட்டால் மொத்த வேலையும் அந்த ஒரு வீட்டுக்காக நிற்கும். வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு. புகாரைப் பதிந்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டருக்குப் பிறகு வருவது உங்கள் பொறுப்பு. லைசென்ஸ் உள்ள மின் ஒப்பந்ததாரரை வைத்துச் செய்யுங்கள். போர்டு ஏறியதும் பழைய வயர் நீளம் போதாது. அங்கேதான் திருட்டுத்தனம் நடக்கும். கோட்டுக்குக் கீழே ஒரு ஜாயின்ட் போட்டு டேப் சுற்றிவிட்டுப் போவார்கள். கோட்டுக்குக் கீழே ஜாயின்ட்டே கூடாது, முழு வயராக இழுக்கச் சொல்லுங்கள். பார்க்கிங் விளக்குகள், ஸ்கூட்டர் சார்ஜ் செய்யும் பாயின்ட்டுகள் எல்லாவற்றையும் தனி சர்க்யூட்டாக்கி கரண்ட் கசிந்தால் தானாக விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். பிளக் பாயின்ட் ஏழு அடியில்.

வெள்ளத்தில் முங்கிய எம்சிபி, ஆர்சிசிபி, ஸ்டார்ட்டர், காண்டாக்டர் எதையும் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. 2023-இல் ஹேர் டிரையர் போட்டு, ஸ்ப்ரே அடித்து ‘சர்வீஸ்’ செய்து மாட்டியவை இன்னும் உங்கள் போர்டில் இருக்கலாம். ஆற்று வண்டல் உள்ளே ஸ்பிரிங்கில் படிந்திருக்கும். சுவிட்ச் போடும், அணைக்கும், விழ வேண்டிய நேரத்தில் மட்டும் விழாது. எல்லாவற்றையும் கழற்றி எறியுங்கள். மோட்டார் மட்டும் தப்பும்: நல்ல தண்ணீரில் கழுவி, ஓவனில் காயவைத்து, பேரிங் மாற்றி, இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே குறைந்தது ஒரு மெகாஓம் காட்டினால் ஓட்டலாம்.

லிஃப்டுக்கு ஒரே வேலை. பள்ளத்தில் ஃப்ளோட் சுவிட்ச் வைத்து, தண்ணீர் பட்டதும் கூண்டு மேலே போய் நிற்கும்படி கம்பெனியில் கேட்டுச் செய்யுங்கள். ரெட் அலர்ட் அன்று கையாலேயே மேல்மாடியில் நிறுத்தி மெயினை அணைத்துவிடலாம்.

சம்புக்கு வருவோம். மூடி தரைமட்டத்தில் இருப்பதால்தான் சாக்கடை உள்ளே போனது. வாயைச் சுற்றிக் கான்கிரீட்டில் கழுத்து எழுப்ப வேண்டும். ஆறரை அடிக்கு எழுப்ப இடமில்லை என்றால் போல்ட் போட்டு இறுக்கும் ரப்பர் வாஷர் மூடி வைத்து, காற்றுக் குழாயை மட்டும் கோட்டுக்கு மேலே கொண்டுபோங்கள். காற்றுக் குழாயை மறந்தால் மூடி வைத்தும் பயனில்லை. போர்வெல் கேசிங் பைப்பையும் இதேபோல. தெருச் சாக்கடை இணைப்புக்கு முந்தைய சேம்பரில், தெருத் தண்ணீர் திரும்பி உள்ளே வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். ஆனால் அது மூடியிருக்கும் நேரத்தில் மாடி வீடுகளின் கழிவும் வெளியே போகாது என்பதை எல்லா வீட்டுக்கும் சொல்லிவையுங்கள்.

வெள்ளம் வடிந்த மறுநாளே கழிவுநீர் லாரி தெருவில் நிற்கும். செப்டிக் டேங்க், சம்ப் எதுவானாலும் “இப்பவே உறிஞ்சிடலாம்” என்பார்கள். மண் ஊறிக் கிடக்கும்போது காலி செய்யாதீர்கள். பத்தாயிரம் லிட்டர் தொட்டி காலியானால் அடியிலிருந்து பத்து டன் வரைக்கும் நிலத்தடி நீர் அதை மேலே தள்ளும். தளம் விரியும், குழாய் முறியும். ஆகவே சம்ப் அழுக்காக இருந்தாலும் நிரம்பியே இருக்கட்டும். பக்கத்துக் கிணற்றில் நீர்மட்டம் சம்பின் அடிக்குக் கீழே இறங்கிய பிறகு காலி செய்து, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, பத்தாயிரம் லிட்டருக்கு இரண்டு கிலோ பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிவை ஊற்றி 12 மணி நேரம் விட்டுப் பிறகு கொட்டுங்கள். அடுத்து வரும் தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும், அரை மணி கழித்துப் புழங்கலாம். கலங்கல் தண்ணீரில் பிளீச்சிங் வேலை செய்யாது; முதலில் தெளிய வேண்டும்.

மாநகராட்சித் தண்ணீர் தாமிரபரணிக்குள் இருக்கும் உறைகிணறுகளிலிருந்து வருகிறது. ஆறு பெருகினால் முதலில் நிற்பதும் அதுதான். ஆற்று மோட்டாரை ஆற்றுக்கு மேலே வைக்க வேண்டும் என்று சொல்ல நிபுணர் தேவையில்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் குடத்தோடு நிற்கிறோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர், 48 பேர், மூன்று நாள்: 2,880 லிட்டர். மேல்தொட்டி 5,000 லிட்டர் என்றால் போதும். அலர்ட் வந்ததும் நிரப்பி, சம்பிலிருந்து ஏறும் வால்வை மூடிவிடுங்கள்.

ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கும் பெரியவர் விஷயம் வேறு. மேலே சொன்ன எதுவும் அவருக்கு உதவாது. போர்டை எவ்வளவு உயரத்தில் வைத்தாலும், தெருவில் தண்ணீர் ஏறியதும் வாரியமே டிரான்ஸ்ஃபார்மரை அணைத்துவிடும், அணைக்கத்தான் வேண்டும். ஐந்து லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 150 ஏஎச் பேட்டரி, புதிதாக இருந்தால் மூன்று மணி நேரம் தாங்கும். மூன்று வருடப் பேட்டரி என்றால் அதில் பாதி. ஆகவே சிலிண்டர் வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் எடுப்பவருக்கு, 1,500 லிட்டர் வாயு கொண்ட பி டைப் சிறிய சிலிண்டர் பன்னிரண்டரை மணி நேரம் வரும். 7,000 லிட்டர் கொண்ட டி டைப் 58 மணி நேரம் வரும், ஆனால் அதை இரண்டாம் மாடிக்கு ஏற்றுவது தண்ணீர் வந்த பிறகு நடக்காத காரியம். நாலு லிட்டர் எடுப்பவர் என்றால் இந்த நேரங்களில் பாதிதான். ரெகுலேட்டரும் ஸ்பேனரும் சிலிண்டரோடு கட்டியே இருக்கட்டும், இரண்டில் ஒன்று இல்லாமல் சிலிண்டர் வெறும் இரும்பு. பக்கத்தில் விளக்கேற்றக் கூடாது. இத்தனையும் செய்த பிறகும், அது இடையில் தாங்குவதற்கு மட்டுமே. ஆரஞ்சு அலர்ட் வந்ததுமே அவரைப் பாளையங்கோட்டை மேட்டுப் பகுதியில், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு எட்டும் தூரத்தில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புங்கள். ரெட் அலர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். பாபநாசம் அணை 143 அடியை நெருங்கி, மணிமுத்தாறு அணையும் 118 அடிக்குப் பக்கத்தில் இருந்தால், மேலே மலையில் ஊத்து, நாலுமுக்கில் பெய்கிற மழையைத் தாங்கிக்கொள்ள அணையில் இடமில்லை; ஆரஞ்சுக்கே சிவப்பின் அர்த்தம் வந்துவிடும். கார்த்திகை தீபம் முடிந்தால் மழை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023-இல் வந்தது மார்கழி பிறந்த அன்று.

ஜெனரேட்டருக்கு: 15 கேவிஏவைச் சரிசெய்து மறுபடி கீழேயே வைப்பதில் அர்த்தமில்லை. சுமார் முக்கால் டன் கனத்தை மொட்டை மாடியில் ஏற்றவும் கூடாது. ஐந்து கேவிஏ நகர்த்தக்கூடிய சிறிய ஜெனரேட்டர் ஒன்றை மொட்டை மாடியில் திறந்த வெளியில் ஓட்டுங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார், படிக்கட்டு விளக்கு, போன் சார்ஜ் இவற்றுக்குப் போதும். படிக்கட்டிலோ அறையிலோ ஓட்டினால் புகை ஆளைக் கொல்லும். தெருக் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாமல், இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் பிளக் பாயின்டில் கொடுக்கிற வித்தையை எந்த எலக்ட்ரீஷியன் காட்டினாலும் அப்போதே வெளியே அனுப்புங்கள். அந்தக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொல்லும்.

சோலார் போட்டால் வெள்ளத்திலும் கரண்ட் இருக்கும் என்று அடுத்து ஒருவர் வருவார். பிஎம் சூர்யா கர் திட்டத்தில் அப்பார்ட்மெண்ட் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருப்பது உண்மை. ஆனால் பேட்டரி இல்லாத தெரு லைனோடு இணைந்த சாதாரண ஆன்-கிரிட் சோலார், தெருவில் கரண்ட் போன நொடியே தானாக நின்றுவிடும். நட்ட நடுப்பகலில் வெயில் அடித்தாலும் நிற்கும். ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் விலைப்பட்டியலில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.