தமனிப் பட்டை: இரண்டாம் சுற்றில் விசை ஏன் குறைகிறது?

கொழுப்புப் படிந்த தமனிப் பட்டையை ஒரே நீளத்துக்குத் திரும்பத் திரும்ப இழுக்கிறீர்கள், இரண்டாம் சுற்றிலேயே விசை குறைகிறது, பிடிப்பு வழுக்குகிறதா என்று கேட்டிருந்தீர்கள். வழுக்கலாம். ஆனால் எந்திரத்தைத் திட்டுவதற்கு முன், முந்தைய உச்ச நீளத்தைத் தாண்டிச் சற்றுக் கூடுதலாக இழுத்துப் பாருங்கள். விசை-நீட்சி வளைகோடு முதல்முறை இழுத்தபோது போன பாதையோடு போய்ச் சேர்ந்து, அடுத்த சுற்றில் மீண்டும் தளர்ந்தால், அது திசுவின் குணம். ஒருமுறை இழுத்த கரித்தூள் கலந்த ரப்பர், அதே நீளம்வரை அடுத்தமுறை இழுக்கும்போது தளர்ந்திருக்கும்; அந்த முல்லின்ஸ் விளைவுக்கு இது நெருங்கிய உறவு.

பட்டையின் நடுவில் இரண்டு மைப்புள்ளிகள் வைத்து, நீட்சியைக் கேமராவால் அளந்துகொள்ளுங்கள். பட்டையைக் கவ்வும் எந்திரத் தாடைகளின் இடைவெளியை நம்பவேண்டாம்; பிடிப்பு வழுக்கினால் அது பொய் சொல்லும்.

சில சுற்றுகளுக்குப் பின் வளைகோடு நிலைபெறும். அதை மட்டும் வெளியிட்டு முதல் சுற்றைத் தூக்கி எறியும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. நோயுற்ற திசுவில் சேதத்தின் தடயம் அங்கேதான் இருக்கிறது. விசையை இறக்கிய பிறகும் மிஞ்சும் நீட்சியையும் குறித்துவையுங்கள்.

சுண்ணாம்பு படிந்த துண்டையும் மென்கொழுப்புத் துண்டையும் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள்.

இன்னொன்று: மதுரைச் சித்திரை வெயிலில், மின்விசிறிக்கடியில் பட்டை விரைவில் காய்ந்து விறைக்கும். தெளிப்பான் போதாது, 37 டிகிரி உப்புநீரில் மூழ்கவைத்தே சோதியுங்கள்.