டேனரி உடுப்போடு தொழலாமா? சோப்பு இருக்க ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) எதற்கு?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். பேரணாம்பட்டில் தோல் குடோனில் வேலை பார்க்கிறேன். பச்சைத் தோலைத் தூக்கி அடுக்கும்போது உப்புத் தண்ணீரும் சில சமயம் ரத்தமும் சட்டையில் படுகிறது. ளுஹர் (மதியத்) தொழுகைக்கு வீட்டுக்குப் போய் மாற்றி வர நேரமில்லை. அதே உடுப்பில் தொழலாமா? காலேஜில் படிக்கும் என் மகன், "சுத்தம்தானே நோக்கம் அத்தா? சோப்புப் போட்டுக் கை கால் கழுவினால் போதாதா, ஒளு எதற்கு?" என்று கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

பதில்: வ அலைக்கும் ஸலாம். முதலில் உங்கள் சட்டையைப் பார்ப்போம். முறையாக அறுக்கப்பட்ட ஆடு, மாட்டின் தோல் பதனிடுவதற்கு முன்பே சுத்தமானது. ரத்தம் கலக்காத உப்புத் தண்ணீர் அதிலிருந்து சட்டையில் பட்டால் தொழுகைக்குத் தடையில்லை. அறுக்கும்போது பீறிட்டு ஓடிய ரத்தம் நஜீஸ், அதாவது மார்க்கப்படி அசுத்தம். ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழிமுறையில்), அது உள்ளங்கைக் குழி அளவுக்கு மேல் பட்டிருந்தால் கழுவாமலோ மாற்றாமலோ தொழுகை கூடாது. அதற்குக் குறைவாக இருந்தால் தொழுகை கூடிவிடும். ஆனாலும் கழுவ வசதி இருக்கும்போது அப்படியே நிற்பது சரியல்ல. குடோனில் ஒரு கைலியும் சட்டையும் தனியாக மடித்து வைத்துவிடுங்கள், பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

தானாகச் செத்த மாட்டின் தோல் வந்தால்? அது பதனிடும்வரை நஜீஸ். உப்பிட்டோ வெயிலில் காயவைத்தோ ஈரம் வற்றி, அழுகல் நின்றுவிட்டால் அதையே பதனிட்டதாக ஹனஃபி இமாம்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஷாஃபி மத்ஹபில் உப்பும் வெயிலும் போதாது, துவர்ப்புள்ள பொருளால் பதனிட வேண்டும். உங்கள் மஹல்லா ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) குடோனுக்கு எப்படிப்பட்ட தோல் வருகிறது என்பதைச் சொல்லி, இதை ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்தத் தோல் சட்டத்திலேயே உங்கள் மகனுடைய கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. நபியின் துணைவியார் அன்னை மைமூனா (ரலி) அவர்களிடமிருந்த ஒரு பெண்ணுக்குத் தர்மமாக வந்த ஆடு செத்துக் கிடந்தது. அதைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், "இதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். "இது செத்ததாயிற்றே" என்றார்கள் தோழர்கள். "உண்பதுதான் தடுக்கப்பட்டது" என்று பதில் வந்தது. தடை எதற்கோ அதோடு நிற்கிறது. ஏழையின் கையிலிருக்கும் பொருள் வீணாகக் கூடாது என்ற அக்கறையும் அந்தப் பதிலில் இருக்கிறது.

அன்று அரபு நாட்டில் தோல் பதனிட உதவியது கருவேல இனத்து மரம் ஒன்று. ஹதீஸில் (நபிமொழியில்) அதன் பெயரே வருகிறது. நம் வடஆற்காட்டில் பல தலைமுறையாக ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அந்த வேலையைச் செய்தன, இன்று பெரும்பாலும் குரோம் என்ற ரசாயனம் செய்கிறது. அந்த மரம்தான் வேண்டும் என்று இமாம்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. தோலின் கெடுதலும் அழுகலும் நீங்க வேண்டும், அவ்வளவுதான். காரணம் தெளிவாகத் தெரியும் இடத்தில் சட்டம் இப்படி விரிந்து கொடுக்கிறது.

அப்படியானால் ஒளுவிலும் 'சுத்தம்' என்ற காரணத்தைப் பிடித்துக்கொண்டு சோப்பைக் கொண்டுவரலாமே என்று மகன் கேட்பான். நல்ல கேள்வி. அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். தண்ணீர் கிடைக்காதவருக்கு மார்க்கம் சொல்வது தயம்மும், அதாவது மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவுவது. மண்ணால் அழுக்குப் போகாது. அழுக்கு நீக்குவது மட்டுமே ஒளுவின் நோக்கமாக இருந்திருந்தால் தயம்முமுக்கு அங்கே இடமே இருந்திருக்காது. உடல் சுத்தம் ஒளுவில் கிடைக்கும் நன்மைகளில் ஒன்று, அதுவே முழு நோக்கம் இல்லை. ரப்பின் முன்னால் நிற்கப் போகிறோம் என்று உடலையும் மனதையும் தயார் செய்யும் இபாதத் (வணக்கம்) அது. சோப்புப் போட்டுக் கழுவும்போதே முகம், முழங்கைவரை கைகள், கணுக்கால்வரை கால்கள் நனைந்து, தலைக்கு மஸ்ஹும் (ஈரக் கையால் தடவுவதும்) செய்துவிட்டால் ஹனஃபி மத்ஹபில் ஒளுவும் சேர்ந்தே நிறைவேறிவிடும் என்பதையும் சொல்லுங்கள்.

சட்டத்தை எதோடு கட்டியிருக்கிறதோ அதை இல்லத் என்றும், அதனால் விளையும் நன்மையை ஹிக்மத் என்றும் ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டக் கலையில்) பிரிப்பார்கள். வேலூரிலிருந்து ஏசி வண்டியில் சென்னை போகிறவர் சொகுசாகத்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆனாலும் பயணி என்பதால் தொழுகையில் நான்கு ரக்அத்தை (சுற்றை) இரண்டாகச் சுருக்குகிறார். நாள் முழுக்க உள்ளூரில் மூட்டை சுமக்கும் தொழிலாளி சுருக்க முடியாது. சிரமத்தைக் குறைப்பது ஹிக்மத், பயணம் இல்லத். சிரமம் ஆளுக்கு ஆள் மாறும், அளக்க முடியாது. பயணத்தை அளக்கலாம். இந்தப் பிரிவை விட்டுவிட்டால் ஒவ்வொருவரும் "எனக்கு இதன் நோக்கம் நிறைவேறிவிட்டது" என்று சொல்லி ஒவ்வொரு கடமையாகக் கழற்றிவிடலாம். நோன்பு பசியை உணர்த்தத்தான், எனக்குப் பசி தெரியும் என்பார் ஒருவர். அங்கே மார்க்கம் மிஞ்சாது.

ஆனால் நோக்கத்தைத் தேடுவதே தவறு என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, ஷரீஅத் காப்பவை மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் என்ற ஐந்து என வகுத்தார். ஸ்பெயினின் கிரனாடாவைச் சேர்ந்த இமாம் ஷாதிபி 14-ஆம் நூற்றாண்டில் அதை விரிவாக வளர்த்தார். ஒளுவையும் தயம்முமையும் சொல்லும் குர்ஆன் வசனமே (5:6) "அல்லாஹ் உங்களுக்குச் சிரமம் கொடுக்க விரும்பவில்லை, உங்களைத் தூய்மைப்படுத்தவே விரும்புகிறான்" என்கிறது.

இது உங்கள் கைக்கும் பொருந்தும். சுண்ணாம்பாலும் குரோமாலும் தோல் வெடித்துப் புண்ணாகி, தண்ணீர் பட்டால் மோசமாகும் என்று டாக்டர் சொன்னால், புண்ணில் போட்ட கட்டின் மேல் ஈரக் கையால் தடவினால் போதும். கையில் ஏறிய சாயத்தின் நிறம் ஒளுவைத் தடுக்காது. தண்ணீரைத் தோலில் படவிடாத பெயின்ட் போன்ற படலத்தை நீக்கியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மட்டும் சற்றுக் கூடுதல் கவனம். மக்கள் உழைத்த கோலத்திலேயே ஜும்ஆவுக்கு வந்ததால்தான் "குளித்துவிட்டு வரக்கூடாதா" என்று சொல்லப்பட்டது என அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு நம் வாடை தொல்லையாகக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சட்டையில் பட்ட துளிக்கு இவ்வளவு பதறுகிறோம். பாலாற்றங்கரையில் டேனரி கழிவு இறங்கி எத்தனை கிணறுகள் பாழாயின? 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத்து டேனரி வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. "தீங்கு செய்யவும் கூடாது, பதிலுக்குத் தீங்கு செய்யவும் கூடாது" என்ற ஹதீஸ் அதற்கு எவ்வளவோ முன்பே நம்மிடம் இருந்தது. மக்கள் தண்ணீர் எடுக்கும் இடத்தை அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய செயல் என்று நபி (ஸல்) எச்சரித்திருக்கிறார்கள். சுத்திகரிக்காமல் கழிவை விடும் முதலாளி முன்வரிசையில் தொழுதாலும் அந்தக் கணக்கு அவர் மேல் நிற்கிறது.

உங்களை யாராவது விஷவாயு தேங்கிய கழிவுத் தொட்டியில் பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறங்கச் சொன்னால் இறங்காதீர்கள். உயிரைக் காக்க நோன்பையே முறிக்க அனுமதிக்கும் மார்க்கம் இது. கூலிக்காக உயிரைப் பணயம் வைக்க அது சொல்லவில்லை. உடன் வேலை செய்பவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.