சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வேலைக்கு ஹைபிரிட் கார் வாங்கினால் எண்ணெய் மிச்சமாகுமா?

தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வர ஹைபிரிட் கார் (பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் உள்ள கார்) லாபமா என்று கேட்டிருக்கிறீர்கள். லாபம்தான், ஆனால் எந்தச் சாலையில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சாதாரண காரில் பிரேக் மிதித்தால் ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாக வீணாகிவிடும். ஹைபிரிட்டில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பகுதியை பேட்டரியில் சேர்த்துவிடும். சிவப்பு விளக்கில் என்ஜின் நின்றுவிடும். கிளம்பும்போது மோட்டார் தள்ளும். என்ஜின் அநியாயமாக எண்ணெய் குடிப்பது அந்த நேரத்தில்தான். மோட்டார் துணை இருப்பதால், இழுவை கொஞ்சம் குறைவான ஆனால் சிக்கனமான அட்கின்சன் சுழற்சி என்ஜினை வைக்க முடிகிறது. 1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸிலேயே இதெல்லாம் இருந்தது.

ஆகவே பழைய சாலையில் விளக்குக்கு விளக்கு நின்று போகிறவருக்கு மிச்சம் அதிகம். நெடுஞ்சாலையில் 110-இல் ஒரே சீராக ஓட்டினால் அவ்வளவு இருக்காது.

அப்புறம், 2011 முதல் 2013 வரை மலேசிய அரசு ஹைபிரிட்டுக்கு வரி விலக்கு தந்தபோது இறங்கிய பழைய கார்களைப் பார்க்கிறீர்கள் என்றால், பேட்டரியைச் சோதிக்காமல் பணம் கட்டவே கட்டாதீர்கள். அதை மாற்றும் செலவு பல ஆண்டு எண்ணெய்க் காசை விழுங்கிவிடும். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின் இருக்கைப் பக்கத்துத் துவாரம் வழியாகத்தான் போகிறது. செம்பனைத் தோட்டத்து மண்சாலைத் தூசி அதை அடைத்தால் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். அதைத் தவறாமல் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.