அரை மணி நேரத்து ஓட்டல்

வணக்கம் சார்,

சென்னை பட்டாளம் பகுதியில் பின்னி மில் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த பழைய ஓட்டலைப் போன மாதம் இடித்துவிட்டார்கள். ஃபிளாட் வரப்போகிறதாம். எங்கள் பக்கத்தில் அதுதான் அடையாளம். ஆட்டோக்காரரிடம் அதன் பெயரைச் சொன்னால் போதும், வேறு விலாசம் வேண்டாம். தாத்தா வைத்திருந்த போட்டோ ஒன்றை இணைத்திருக்கிறேன். அந்த ஓட்டலின் சரித்திரத்தையும் நெய் ரோஸ்ட்டையும் பற்றி நீங்கள் எழுத வேண்டும். இந்த மாதிரி ஓட்டல்களைக் கொன்றது ஃபிளாட் மோகம்தான் என்பது என் எண்ணம். சரிதானே?

இப்படிக்கு,
ஓட்டேரி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போட்டோவுக்கு நன்றி. நெய் ரோஸ்ட்டைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்த அப்பாவோடு அங்கே போனால் எனக்கு ரெண்டு இட்லி, அவர் காபியில் கொஞ்சம் டவராவில். நெய் ரோஸ்ட் பக்கத்து மேஜைக்குப் போகும். வாசனை மட்டும் பொது.

ஃபிளாட் விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. போன மாதம் இடித்தது கட்டடத்தைத்தான். 1996-இல் மில் மூடியதோடு ஓட்டலின் கதை முடிந்துவிட்டது. அப்புறமும் கல்லாவில் ஆள் உட்கார்ந்திருந்தார், பரோட்டா போட்டுப் பார்த்தார்கள், முன்பக்கத்தை செல்போன் கடைக்கு விட்டார்கள். அதெல்லாம் வேறு கதை.

பக்கிங்காம் மில் 1876-இல் தொடங்கியது, கர்நாடிக் மில் 1881-இல். 1920-இல் இரண்டும் ஒன்றாயின. வெளியாருக்கு அது பி அண்ட் சி, நம் பக்கத்து ஆட்களுக்குப் பின்னி மில். அந்த மில்லில் நேரம் எவ்வளவு இறுக்கம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1918 ஏப்ரல் 27 அன்று இங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. தலைவர் பி.பி. வாடியா, கூடவே திரு.வி.க. அப்போது தொழிலாளர்கள் சொன்ன முக்கியமான குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விட்ட நேரம். அரை மணி. அதற்குள் வெளியே வந்து, கை கழுவி, தூக்கைத் திறந்து, தின்று, மறுபடி கேட்டுக்குள் நுழைய வேண்டும். அதைக் கொஞ்சம் நீட்டித் தரச் சொல்லி ஒரு சங்கமே பேச வேண்டியிருந்தது.

இப்போது அந்த ஓட்டலை நினைத்துப் பாருங்கள். தெருவைப் பார்த்து ரெண்டு வாசல். ஒன்றில் நுழைந்தால் மற்றதில்தான் வெளியேற வேண்டும். சுவரோடு வரிசையாக ஆறேழு குழாய். காபிக்கு நாற்காலி கிடையாது. சங்கு ஊதுவதற்கு முன்பே இலை போட்டு, பொரியலும் கூட்டும் வைத்து, சோற்றுக் கூடையோடு சப்ளையர் தயாராக நிற்பார். 'என்ன வேணும்' என்ற கேள்வியே கிடையாது. காசும் கிடையாது, பற்று நோட்டில் ஒரு கோடு. சம்பளத்தன்று சாயங்காலம் கல்லாக்காரர் அந்த நோட்டோடு வாசலிலேயே நிற்பார். உங்கள் நெய் ரோஸ்ட் அன்றைக்குத்தான் அதிகம் போகும். கட்டடம் முழுக்க அந்த அரை மணிக்காகவே செய்தது. சங்கு நின்ற பிறகு அவ்வளவு குழாய்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சரி, போட்டோவுக்கு வருகிறேன். பெயர்ப் பலகையை உற்றுப் பார்த்தீர்களா? 'காபி கிளப்' என்பதற்கு இடதுபக்கம் ஒரு சொல் அளவுக்குப் பெயின்ட் வேறு நிறம். அழித்து எழுதியிருக்கிறார்கள், ஆனால் எழுத ஒன்றும் இல்லாமல் வெறுமனே விட்டுவிட்டார்கள். உங்கள் தாத்தா வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சட்டென்று சொல்வார்கள்: பிராமணாள். 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் இயக்கத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். உங்கள் போட்டோ அதற்குப் பிந்தியது என்றே நினைக்கிறேன்.

அந்தப் பலகை இருந்த காலத்தில் அந்த இலைகளின் முன் யார் உட்கார்ந்திருப்பார்கள்? மில்லில் புளியந்தோப்பு ஆதிதிராவிடர்கள் ஏராளம். அவர்களுடைய அரை மணி தெருவில்தான் கழிந்திருக்கும். கேட்டுக்கு வெளியே ஆப்பமும் கூழும் மீன் குழம்புச் சோறும் விற்ற ஆயாக்களை நானே பார்த்திருக்கிறேன். கூடை, சாக்கு, ரெண்டு செங்கல், அவ்வளவுதான் கடை. மழை வந்தால் கடை எழுந்து நடக்கும். கூட்டம் ஓட்டலைவிடக் குறைவாக இருந்ததாக ஞாபகம் இல்லை. அவர்களையும் சேர்க்காமல் அந்த ஓட்டலுக்குச் சரித்திரம் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்களிடம் பலகை இல்லை, அதனால் அழிப்பதற்கும் ஒன்றும் இல்லை. போட்டோவும் யாரும் எடுக்கவில்லை.

உங்களால் ஓர் உதவி ஆக வேண்டும். ஓட்டல்காரர் குடும்பம் யாராவது இன்னும் அந்தப் பக்கம் இருந்தால், பற்று நோட்டுகளை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். எடைக்குப் போடாமல் பரணில் கிடந்தால் ஒரு நாள் வந்து பார்க்கிறேன். அப்பா பெயரில் பாக்கி ஏதாவது இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.